எங்கள் தெருவை டவுன் ஏற்பதற்கு டவுன் மீட்டிங்கில் ஓட்டு, மாசசூசெட்ஸ் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மாசசூசெட்ஸில் ஒரு சின்ன டவுனில் இருக்கிறோம். சப்டிவிஷனில் வீடுகள் எல்லாம் விற்றுப்போய் வருஷக்கணக்கு ஆகிறது, ஆனால் தெரு இன்னும் பிரைவேட் வேதான், அதாவது டவுன் ஏற்காத தனியார் தெரு. பில்டர் கடைசி மேலடுக்குத் தாரைப் போடாமலே விட்டுவிட்டார். கேட்ச் பேசின் (மழைநீர் வடிகால் தொட்டி) மூடிகள் சாலை மட்டத்துக்கு மேலே இரண்டு விரல் துருத்திக்கொண்டு நிற்கின்றன, ஒவ்வொரு குளிர்காலமும் ஸ்னோ தள்ளும் வண்டியின் பிளேடு அதில் இடித்து ஓரமெல்லாம் பெயர்ந்து கிடக்கிறது. இந்த முறை டவுன் மீட்டிங் வாரண்டில், அதாவது ஊர் வாக்காளர்கள் கூடி ஓட்டுப் போடும் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், இரண்டு ஆர்ட்டிகிள் (தீர்மானம்) வந்திருக்கிறது: ஒன்று எங்கள் தெருவைப் பொதுத்தெருவாக ஏற்பது, இன்னொன்று கூடுதல் சிறுவீடு, அதாவது ஏடியு பற்றிய ஜோனிங் பைலா (எங்கே என்ன கட்டலாம் என்ற டவுன் விதி) திருத்தம். தெருவை ஏற்றுவிட்டால் வீட்டு வரி கூடுமா? இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? நான் கிரீன் கார்டில் இருக்கிறேன், மனைவி சிட்டிசன். யார் ஓட்டுப் போடலாம்?

பதில் 1

முதலில் ஓட்டு விஷயம். டவுன் மீட்டிங்கில் பதிவுசெய்த வாக்காளர்தான் ஓட்டுப் போட முடியும், அதாவது உங்கள் மனைவி, அவர் பெயரைப் பதிவு செய்திருந்தால். நீங்கள் போய் உட்காரலாம், கூட்டத்தை நடத்தும் மாடரேட்டர் அனுமதித்தால் பேசவும் செய்யலாம். கட்டாயம் போங்கள், சின்ன டவுனில் இருபது முப்பது ஓட்டில் முடிவு மாறிவிடும்.

தெரு ஏற்புக்கு ஒரு வரிசை இருக்கிறது. டவுனை நிர்வகிக்கும் செலக்ட் போர்டு, சப்டிவிஷன் திட்டங்களைப் பார்க்கும் பிளானிங் போர்டின் கருத்தைக் கேட்டுவிட்டுத் தெருவின் எல்லையைத் தீர்மானிக்கும், அந்த வரைபடம் மீட்டிங்குக்குக் குறைந்தது 7 நாள் முன்பே டவுன் கிளார்க்கிடம் இருக்க வேண்டும், அப்புறம்தான் ஓட்டு. ஓட்டோடு வேலை முடிவதும் இல்லை. 120 நாளுக்குள் அந்த நிலத்தின் மீதான உரிமையை டவுன் வாங்கியாக வேண்டும். பெரும்பாலும் பில்டர் இலவசமாக எழுதிக்கொடுப்பார். இந்தக் கடைசிப் படியில் கோட்டைவிட்ட டவுன்கள் உண்டு, மக்கள் பொதுத்தெரு என்று நம்பிக்கொண்டிருப்பார்கள், ரெஜிஸ்ட்ரியில் பார்த்தால் பத்திரமே இருக்காது. கிளார்க்கைக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

தெருவை ஏற்றதற்காக மட்டும் வரி உயராது. வீட்டின் மதிப்பை வைத்துத்தான் வரி. ஏற்றபின் ஸ்னோ, பள்ளம், வடிகால் எல்லாம் டவுன் பொறுப்பு.

பதில் 2

மேல் தார் போடாத தெருவை அப்படியே ஏற்கச் சொல்லி ஏன் ஓட்டுப் போட வேண்டும்? பில்டர் பிளானிங் போர்டிடம் பாண்ட், அதாவது வேலையை முடிப்பதற்கான உத்தரவாதத் தொகை, கட்டியிருப்பார், வேலை முடிந்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான். தெருவை ஏற்று, பாண்டையும் விடுவித்துவிட்டால் பில்டரை யார் கூப்பிட்டாலும் போன் எடுக்கமாட்டார். தார், கர்ப், மூடிகள் சாலை மட்டத்துக்கு வருவது, முடிந்ததைக் காட்டும் கடைசி வரைபடம், இதெல்லாம் முடியட்டும்.

பதில் 3

பதில் 2 சொல்வது சரிதான், ஆனால் பில்டர் கம்பெனியை மூடிவிட்டால் என்ன செய்வது என்பதையும் யோசிக்க வேண்டும். பாண்ட் தொகையைப் பல வருஷம் முன்பு நிர்ணயித்திருப்பார்கள், தார் விலை அதற்குள் எங்கேயோ போயிருக்கும். இன்னும் காத்திருந்தால் அந்தப் பணம் பாதித் தெருவுக்குக்கூடக் காணாது. எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து போய், பாண்டை எடுத்து டவுனே வேலையை முடிக்கட்டும் என்று பிளானிங் போர்டில் கேட்டோம், இழுபறிக்குப் பிறகு நடந்தது. பாண்ட் எவ்வளவு, எப்போது காலாவதி என்று இந்த வாரமே எழுதிக் கேளுங்கள், அது பொதுப் பதிவு.

ஜோனிங் ஆர்ட்டிகிள் தனி விஷயம், தெரு ஏற்போடு முடிச்சுப் போடாதீர்கள். 2024 மாநிலச் சட்டப்படி ஒற்றைக் குடும்ப வீட்டுப் பகுதியில் 900 சதுர அடி அல்லது மூலவீட்டில் பாதி, எது குறைவோ அந்த அளவுக்குத் ஜோனிங் ஸ்பெஷல் பெர்மிட் கேட்காமலே ஏடியு கட்டலாம். 2025 பிப்ரவரி 2 முதல் அமலில் இருக்கிறது. உங்கள் டவுன் பழைய பைலாவை அதற்கு ஒத்துவரும்படி திருத்துகிறது, அவ்வளவுதான். தோற்றாலும் மாநிலச் சட்டம் நிற்கும், டவுனுக்கு வேண்டிய நியாயமான விதிகளை எழுதும் வாய்ப்புதான் போகும். அப்பா அம்மாவைக் கூட வைத்துக்கொள்ள நினைக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம், நம் ஆட்கள் இதைக் கவனிக்காமல் விடுவது எனக்கு வருத்தம். ஆனால் உங்கள் சப்டிவிஷன் பத்திரத்தில் தனி நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

ரொம்ப நன்றி. பாண்ட் பற்றி இன்றே பிளானிங் போர்டுக்கு மெயில் போடுகிறேன். தார் வேலை முடிந்தபிறகே ஏற்பு என்று ஆர்ட்டிகிளில் மீட்டிங்கிலேயே திருத்தம் கொண்டுவர முடியுமா?

பதில் 1

கேட்கலாம், வாரண்டில் சொன்ன எல்லைக்குள் வருகிறதா என்று மாடரேட்டர் முடிவு செய்வார். வாசகத்தை எழுதி முன்கூட்டியே அவரிடமும் டவுன் வக்கீலிடமும் காட்டிவிடுங்கள், அதை மனைவி எழுந்து முன்மொழியட்டும்.