கடன் என்றேன், வட்டி எவ்வளவு என்றார்

மென்பொருள் உருவாக்குநர்:

சில ஆண்டுகளுக்கு முன், ரசீது தயாரிக்கும் பழைய நிரலைத் திருத்தி எழுத இரண்டு மாத அவகாசம் கேட்டு, நான் பணியாற்றிய நிறுவனத்தின் நிதிப் பொறுப்பாளரைச் சந்தித்தேன். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த நிரலைக் குறிக்க எங்களுக்குள் வழங்கும் 'தொழில்நுட்பக் கடன்' என்ற சொல்லையே அவரிடமும் பயன்படுத்தினேன். நிதித்துறையினருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது என்று நம்பியிருந்தேன். அவர் முகம் மலர்ந்தது. "கடன் வாங்காமல் எந்தத் தொழில் வளர்ந்தது? வட்டி எவ்வளவு என்று சொல்லுங்கள், தாங்கக்கூடியதாக இருந்தால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். என்னிடம் விடை இல்லை. அவர் அறிந்த கடனுக்கு அசலும் வட்டி விகிதமும் தவணை நாளும் உண்டு. எங்கள் நிரலிலோ எதைத் தொட்டால் எது சரியும் என்பதே எங்களுக்குத் தெரியாது.

1992இல் அமெரிக்க மென்பொருள் உருவாக்குநர் வார்ட் கன்னிங்ஹாம் இந்த உவமையை முன்வைத்தபோது, அவர் ஈடுபட்டிருந்தது முதலீட்டுத் தொகுப்புகளை நிர்வகிக்கும் மென்பொருளில். கேட்பவரின் தொழிலிலிருந்தே உவமையை எடுத்திருக்கிறார். மோசமாக எழுதலாம் என்பது அதன் பொருளன்று என்றும், அப்போதைய புரிதலைக் கொண்டு வெளியிட்டுவிட்டு, புரிதல் வளர வளர நிரலையும் அதற்கேற்பத் திருத்துவதே கடனை அடைப்பது என்றும் அவர் பின்னர் விளக்கினார். நாங்களோ அவசரத்தில் கிறுக்கியதற்கெல்லாம் கடன் என்று கௌரவமான பெயர் சூட்டியிருந்தோம். ஆகவே, நிதிப் பொறுப்பாளர் மீது குற்றமில்லை. மறுமுறை சென்றபோது, கடைசியாகச் செய்த மூன்று சிறு மாற்றங்களுக்கு எத்தனை நாள் பிடித்தது என்ற கணக்கை மட்டும் முன்வைத்தேன். ஆறு வாரம் கிடைத்தது.

ஆவண நிர்வாகி:

உங்கள் உவமை தேவைக்கு அதிகமாகப் பேசியது. எனக்கு வாய்த்ததோ வாயே திறக்கவில்லை. ஆவணங்களை மேகக் கணிமைக்கு, அதாவது இணையம் வழியே வேறொரு நிறுவனத்தின் கணினிகளுக்கு, மாற்றிய பிறகு, தணிக்கையாளர் ஒருவர் "இவை எந்த நாட்டில் இருக்கின்றன?" என்று கேட்டார். மேகத்துக்கு ஏது முகவரி என்பதுபோல், நான் உட்பட அனைவரும் அவரைப் பார்த்தோம். பிணைய வரைபடங்களில், உட்புறத்தை வரையத் தேவையில்லாத பகுதியை மேகமாகக் காட்டுவது பொறியாளர்களின் பழைய வழக்கம்; இதற்குள் என்ன நடக்கிறது என்பது இந்தப் படத்துக்கு அவசியமில்லை என்பதே அதன் பொருள். படம் வரைபவருக்கு அது வசதி, ஆவணங்களுக்குப் பொறுப்பானவருக்கு ஆபத்து. தரவு மையம் அமையும் வட்டாரத்தை வாடிக்கையாளரே தேர்ந்தெடுத்திருக்கலாம் என்பது, ஒப்பந்தத்தை முதல்முறையாக (ஆம், முதல்முறையாக) முழுவதும் படித்தபோதுதான் தெரிந்தது. எங்களில் எவரும் தேர்ந்தெடுக்காததால், அமைப்பில் முன்னிருப்பாக இருந்த வட்டாரத்துக்கே எல்லாம் போயிருந்தது. இப்போது புதியவர்களிடம் "வேறொருவர் கட்டடத்தில் நாம் வாடகைக்கு எடுத்த அலமாரி" என்கிறேன். அழகான உவமை இல்லைதான். ஆனால், சாவி யாரிடம் இருக்கிறது என்று உடனே கேட்கிறார்கள்.

கையேடு மொழிபெயர்ப்பாளர்:

மொழிபெயர்ப்பில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. பிணையத்துக்குள் வருவதையும் வெளியேறுவதையும் வடிகட்டும் ஃபயர்வால் என்பதைத் 'தீச்சுவர்' என்று எழுதியிருந்தேன். சரிபார்த்த பிணையப் பொறியாளர், "நெருங்குபவரை எரித்துவிடுமா?" என்று ஓரத்தில் குறித்திருந்தார். நியாயமான கேள்வி, கட்டடத்தின் ஒரு பகுதியில் பற்றிய தீ அடுத்த பகுதிக்குப் பரவாமல் தடுக்கும் சுவருக்கே அப்பெயர், தீயால் ஆன சுவருக்கு அன்று. 'தீயரண்' என்று மாற்றினேன். அரண் என்றதும், பயிற்சிக்கு வந்தவர்கள் ஊரைச் சுற்றிய கோட்டையை நினைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் கணினிகள் அனைத்தும் நம்பத்தக்கவை என்று கருதிவிட்டார்கள். ஒரே நிறுவனத்தின் துறைகளுக்கு இடையிலும் இது தேவைப்படும் என்று அடிக்குறிப்பு சேர்த்தேன். கையேடு இப்போது மூன்றாம் பதிப்பில் இருக்கிறது. அடிக்குறிப்பை இன்னும் எடுக்க முடியவில்லை.