அப்பாவுக்கு ஸ்ட்ரோக். ரீஹேப் சென்டரை எப்படிப் பார்த்துச் சேர்க்கிறது? அவசரம்

மகிழம்பூ:
எல்லாருக்கும் வணக்கம். நியூ ஜெர்சி வந்து இன்னும் ஒரு மாசம்கூட ஆகலை, பெட்டி பாதி பிரிச்ச மேனிக்குக் கிடக்கு. அப்பாவுக்குப் போன வாரம் ஸ்ட்ரோக். இனிமே இங்க செய்றதுக்கு ஒண்ணுமில்ல, பயிற்சி கொடுத்துத் தேத்துற ரீஹேப் சென்டர்ல சேர்த்திருங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. ரெண்டு இடம் சொல்றாங்க. ஒண்ணு பெரிசு, பளபளன்னு இருக்கு, ஆனா தூரம். இன்னொண்ணு பக்கத்துல, சின்னது. எதை வச்சு முடிவு பண்றது? திங்கக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். அழுதழுது தலை வலிக்குது. யாராவது சொல்லுங்களேன்.

எடிசன் அண்ணாச்சி:
தங்கச்சி, முதல்ல ஒரு வாய் காப்பி குடிங்க. மெடிகேர்னா இங்க 65 வயசு தாண்டினவங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற மருத்துவக் காப்பீடு. அந்த இணையதளத்துல 'கேர் கம்பேர்'னு ஒரு பக்கம் இருக்கு. ஊர்ப் பேரைப் போட்டா சுத்துவட்டார நர்சிங் ஹோம் எல்லாம் 1-லேர்ந்து 5 ஸ்டார் வரைக்கும் போட்டு வரும். மொத்த ஸ்டாரை மட்டும் பார்த்து மயங்கிராதீங்க. அதுக்குள்ள மூணு கணக்கு இருக்கு: அரசாங்க ஆய்வு, ஸ்டாஃப், சிகிச்சைத் தரம். தரக் கணக்குல நிறைய அந்த இடமே எழுதிக் கொடுக்கிறது. ஆய்வு அப்படி இல்ல, சொல்லாமக் கொள்ளாம வந்து நின்னு எழுதுறது. அந்த அறிக்கையை முழுசா வாசிங்க. ஸ்டாஃப் பக்கத்துல சனி, ஞாயிறு கணக்கு தனியா இருக்கும், அதையும் பாருங்க. அரசாங்கமே நேரா நடத்துற ஒரிஜினல் மெடிகேர்னா நர்சிங் ஹோம் செலவுக்கு 100 நாள் வரை கிடைக்கும், முதல் 20 நாளுக்குக் கையிலேர்ந்து காசு வேண்டாம். ஆனா அதுக்கு முந்தி மூணு நாள் ஆஸ்பத்திரியில இன்பேஷன்டா, அதாவது அட்மிட் போட்டு, இருந்திருக்கணும். 'அப்சர்வேஷன்'னு படுக்க வச்சிருந்தா அந்த நாள் சேராது. இதைக் கட்டாயம் கேளுங்க.

நான் வந்தது நடு ஜனவரி. ஹீட்டர் ஓடல. சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வரல, அது இல்லாம வீட்டுக்காரன் அக்ரிமென்ட் போடமாட்டேன்னுட்டான். அதெல்லாம் தாண்டித்தான் இன்னிக்கு உக்காந்திருக்கோம்.

ஸ்கார்பரோ மதினி:
ஹோம்ங்கிற பேச்சே வேண்டாம்மா. பெத்தவங்களைக் கொண்டுபோய் யார் கையிலயோ விடுறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து நல்லெண்ணெய் தேய்ச்சு, ரசஞ்சோறு குழையப் பிசைஞ்சு ஊட்டுங்க, எந்திரிச்சு நடப்பாங்க. கைக்குழந்தையோட வந்து முதல் பனிக்காலத்தை நான் ஒத்தையில ஓட்டுனேன். இவர் ராத்திரி ஷிஃப்ட். பால் வாங்கக்கூட பஸ்ஸுக்கு நின்னு காது விறைச்சுப் போகும். ஒரு சனம் எட்டிப் பார்க்கல.

எடிசன் அண்ணாச்சி:
மதினி, ரசஞ்சோறெல்லாம் பிறகு. ஸ்ட்ரோக் வந்தவருக்கு முழுங்க வருதான்னு டெஸ்ட் பண்ணாம ஊட்டக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குள்ள போச்சுன்னா நிமோனியா.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ஒரு நிமிஷம். அப்பா எங்க இருக்கார்? விசிட்டர் விசாவுல வந்தவரா? அப்படின்னா மெடிகேரே கிடையாது, அண்ணாச்சி சொன்ன 100 நாளும் இல்ல. ட்ராவல் இன்ஷூரன்ஸ் பேப்பரை எடுங்க.

மகிழம்பூ:
அப்பா இங்க இல்லண்ணா, செங்கோட்டையில. தென்காசியில ஒரு ஆஸ்பத்திரியில இருக்காங்க. பெரிய இடம் திருவனந்தபுரத்துல, சின்னது தென்காசிக்கிட்ட. அம்மாவுக்கு மூட்டு வலி, தூக்க முடியாது. தம்பி துபாய்ல. சித்தப்பா புளியரையில இருக்காங்க, அவங்கதான் எல்லாத்துக்கும் அலையிறாங்க.

எடிசன் அண்ணாச்சி:
இதை முதல் வரியில போட்டிருக்கலாமே தாயி! சரி விடுங்க. நம்ம ஊர்ல எந்த ஸ்டாரும் கிடையாது. கூகுள்ல போட்டிருக்கிற அஞ்சு நட்சத்திரம் ஓனரோட மச்சினன் போட்டதா இருக்கும்.

களியக்காவிளை கண்ணன்:
யோசிக்கவே வேண்டாம், திருவனந்தபுரம்தான். எங்க பக்கத்துல தலைவலின்னாலே அங்கதான் ஓடுவோம். கேரளாவுல நர்சிங் வேற தரம், சார்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எந்த நர்ஸ், கண்ணா? பாதிப் பேர் அயர்லாந்துலயும் ரியாத்லயும் இருக்காங்க. எங்க மாமாவை ஒரு இடத்துல வச்சிருந்தோம், பேரு வேண்டாம். பகல்ல வெள்ளை யூனிஃபார்ம், ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒரு ஹால் முழுக்க ஒரே பையன். அவர் எந்திரிக்கப் பார்க்குறார்னு கையைக் கட்டிலோட கட்டி வச்சிருந்தாங்க. கேட்டா 'சேஃப்டி'. அதனால பக்கத்துல இருக்கிற இடம்தான் நல்லது. யாராவது திடீர்னு போய் நிக்க முடியணும்.

களியக்காவிளை கண்ணன்:
ஒரு இடத்தை வச்சு ஊரையே சொல்லாதீங்க. தீராத நோயோட படுத்திருக்கிறவங்களை வீட்டுக்கே வந்து பார்க்கிற பாலியேட்டிவ் கேருக்கு 2008-லயே பாலிசி போட்ட மாநிலம் அது. புளியரை தாண்டி கேரளா பக்கம் ஆரியங்காவுல வீடு இருந்தா பஞ்சாயத்து வழியா நர்ஸ் வீட்டுக்கே வருவாங்க.

எடிசன் அண்ணாச்சி:
1956 நவம்பர் 1-ல செங்கோட்டை அந்தப் பக்கத்துலேர்ந்து தமிழ்நாட்டுப் பக்கம் வராம இருந்திருந்தா தங்கச்சிக்கும் வந்திருப்பாங்க. நமக்கு வாய்ச்சது எல்லாம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்தான். இங்கயும் அதே கதை, கடன் வாங்கிக் கட்டின கிரெடிட் ஹிஸ்டரி இல்லைன்னு ஒரு ஃபோன் லைன் தரமாட்டேங்கான்.

ஸ்கார்பரோ மதினி:
ஃபோன் லைனாவது பரவால்ல. எங்களுக்கு வீட்டுக்கு ஆறு மாச வாடகை முன்பணம் கேட்டாங்க.

சித்தூர் மருமக:
அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டு இருக்கு, நீங்க வாடகைக் கதை பேசுறீங்க. செங்கோட்டைக்கு வேலூர் தூரம், அங்க போங்கன்னு சொல்லல. ஆனா வேலூர் பாகாயத்துல சிஎம்சி ஆஸ்பத்திரி ரீஹேப்ல எங்க மாமனாரை வச்சிருந்தப்ப, வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே இருந்து எல்லாத்தையும் கத்துக்கணும்னாங்க. தூக்குறது, திருப்புறது, வீல் சேர்லேர்ந்து கட்டிலுக்கு மாத்துறது, எல்லாம். வீட்டுக்கு வந்தப்ப எங்க அத்தைக்குப் பயமே இல்ல. மகிழம்பூ, உங்க ரெண்டு இடத்துல எது கூட ஆள் இருக்க விடுது?

மகிழம்பூ:
பெரிய இடத்துல பார்வை நேரம் மட்டும்தானாம், கூட யாரும் தங்கக் கூடாதாம். சின்ன இடத்துல தங்கலாம். ஆனா அங்க பிசியோ வாரத்துக்கு மூணு நாள்தான் வர்றாராம்.

இசக்கி பிசியோ:
நாகர்கோவில் பக்கம் நான், இப்ப லீட்ஸ்ல ஸ்ட்ரோக் வார்டுல வேலை. எல்லாரும் இடத்தைப் பத்திப் பேசுறீங்க, அப்பா எப்படி இருக்கார்னு யாரும் கேட்கல. எந்தப் பக்கம் விழுந்திருக்கு? பேச்சு வருதா? மூக்குல குழாய் இருக்கா? யூரின் டியூப்? தாங்கிப் பிடிச்சா கட்டில் ஓரத்துல உக்கார்றாரா?

மகிழம்பூ:
வலது கை, வலது கால். நாம சொல்றது புரியுது, திருப்பிச் சொல்ல வார்த்தை வரல. மூக்குக் குழாயை நேத்து எடுத்துட்டாங்க. யூரின் டியூப் இருக்கு. உக்கார்றாங்க, ஆனா சாய்ஞ்சிடுறாங்க. மர டிப்போவுல கணக்கு எழுதிக்கிட்டிருந்தவங்கண்ணா, மலையாளமும் நல்லாப் பேசுவாங்க.

இசக்கி பிசியோ:
சரி. இப்ப பேசலாம். ஸ்ட்ரோக்ல முதல் மூணு மாசம்தான் வேகமாத் தேறும். அதுக்குப் பிறகும் தேறும், ஆனா மெதுவா. அதனால வாரத்துக்கு மூணு நாள் பிசியோ பத்தாது. ஆனா வீட்டு ஆளை உள்ளயே விடாத இடத்துல நானா இருந்தா சேர்க்க மாட்டேன். நீங்களும் தம்பியும் தூரத்துல இருக்கீங்க, அப்பாவுக்குப் பேச்சும் இல்ல. என்ன நடந்ததுன்னு அவரால சொல்ல முடியாது. பேச்சு இல்லாத நோயாளிக்குக் கூட ஒரு சொந்தக்காரர் இருக்கிறது அழகான லாபியைவிட முக்கியம்.

என் யோசனை: சின்ன இடத்துலயே கேளுங்க, மிச்ச நாளைக்கு வெளியிலேர்ந்து பிசியோவை நாம காசு கொடுத்துக் கூட்டிட்டு வரலாமான்னு. சம்மதிச்சா அங்க. மாட்டேன்னா, பெரிய இடத்துல பயிற்சி நேரத்துக்காவது வீட்டு ஆளை விடணும்னு எழுதி வாங்கிட்டு, ரெண்டு மூணு வாரத்துக்கு மட்டும். அங்க ஸ்பீச் தெரபிஸ்ட் இருந்தா தமிழ்ல பயிற்சி கொடுப்பாரான்னு கேளுங்க. அப்பாவுக்கு மலையாளம் தெரியும்தான், ஆனாலும் அம்மாகிட்ட பேசப்போறது தமிழ்லதானே.

இப்ப சித்தப்பாவுக்கு வேலை. ஆபீஸ்ல உக்கார வச்சு மேனேஜர் காட்டுற ரூமைப் பார்த்துட்டு வந்துரக் கூடாது. சொல்லாம, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குப் போகச் சொல்லுங்க. உள்ள நுழைஞ்சதும் மூத்திர வாடை அடிக்குதா? நிமித்தி உக்கார வச்சு ஊட்டுறாங்களா, இல்ல படுக்க வச்சே கஞ்சியை ஊத்துறாங்களா? இது ஒண்ணே பாதி விஷயத்தைச் சொல்லிரும். ஒரு வாய்க்கு ரெண்டு தடவை இருமுறவரை யாராவது கவனிக்கிறாங்களான்னு பார்க்கணும். விழுந்த கையைப் பிடிச்சு இழுத்துத் தூக்குறதைப் பார்த்தா உடனே கிளம்பி வந்துரலாம், தோள் இறங்கி ஆயுசுக்கும் வலி நிக்கும். படுத்திருக்கிறவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுற சார்ட் இருக்கான்னு கேளுங்க. சார்ட்ல ராத்திரி முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்துன்னா காலையில மொத்தமா எழுதினதுன்னு அர்த்தம். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஸ்டாஃப், டாக்டர் எப்ப வருவார், மூச்சுத் திணறினா எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க, இதெல்லாம் ஆபீஸ்ல கேட்காம வார்டுல வேலை பார்க்கிற ஆயாகிட்ட கேட்கணும். அந்த யூரின் டியூபை எப்ப எடுக்கப் போறாங்கன்னும் கேளுங்க. 'இருக்கட்டும், வசதி'ன்னு சொன்னா அது அவங்க வசதி, இன்ஃபெக்‌ஷன் அப்பாவுக்கு.

சித்தூர் மருமக:
காசு விஷயமும் சொல்லிருங்க. மாசக் கட்டணம்னு ஒண்ணு சொல்லுவாங்க, டயப்பர், சளி உறிஞ்சுற சக்‌ஷன், ஆக்சிஜன், ஆம்புலன்ஸ் எல்லாம் தனி பில். பாதியில கூட்டிட்டுப் போனா டெபாசிட் திரும்புமான்னு எழுத்துல வாங்குங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மெடிக்கல் பாலிசியையும் நம்பாதீங்க. எல்லா கம்பெனிக்கும் பொதுவா வச்சிருக்கிற விலக்குல 'எக்செல் 05'னு ஒண்ணு உண்டு: ஓய்வு, ரீஹேப், பராமரிப்புக்காகச் சேர்க்கிறதுக்குப் பணம் தரமாட்டாங்க. ஆஸ்பத்திரி பில் மட்டும்தான் வரும்னு வச்சுக்கிட்டுக் கணக்குப் போடுங்க. அப்பா வீட்டுக்கு வந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் கொடுங்க. தமிழ்நாடு அரசு 2021-ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கு வந்து பிசியோ கொடுக்கிறதும் சேர்த்தி.

ஸ்கார்பரோ மதினி:
அம்மா தனியா இருக்கக் கூடாது. சித்தப்பா வீட்டம்மாவைக் கொஞ்ச நாள் வந்து தங்கச் சொல்லுங்க தாயி. ரசஞ்சோறு பத்தி நான் சொன்னதை விடுங்க, இசக்கி தம்பி சொல்றபடி செய்யுங்க.

மகிழம்பூ:
சித்தப்பாகிட்ட பேசிட்டேன். சின்ன இடத்துல வெளி பிசியோ வரலாம்னு போன்ல சொல்லிட்டாங்களாம், எழுதித் தரச் சொல்லியிருக்கேன். இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு எட்டிப் பார்க்கப் போறாங்க. வேற ஏதாவது பார்க்கணுமா இசக்கியண்ணா?

இசக்கி பிசியோ:
கட்டில் பக்கத்துல அழைப்பு மணி எந்தக் கைப் பக்கம் தொங்குதுன்னு பார்க்கச் சொல்லுங்க. அப்பாவுக்கு இடது கைக்கு எட்டணும். அழுத்திப் பார்த்துட்டு, யாரு, எவ்வளவு நேரத்துல வர்றாங்கன்னு வாட்சைப் பார்க்கட்டும்.