ஆராய்ச்சி நிதி: எந்த நாட்டிடம் எதைக் கற்கலாம்?

காரைக்குடி வேதியியல்:
வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். 2023இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் வந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் ஏறக்குறைய 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டுமாம். அமெரிக்காவில் 1950இல் தொடங்கிய தேசிய அறிவியல் அறக்கட்டளையோடு இதை ஒப்பிடுகிறார்கள். ஆனால் அங்கே ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவது அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ்தானே? எங்களைப் போன்ற சிறிய கல்லூரிக்கும் காசு வந்து சேர, வேறு யாரைப் பார்க்கலாம்?

கோட்டையூர்க்காரர்:
தம்பி, பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்தைப் பாருங்கள். 1962 முதல் அங்கே ‘ஃபபெஸ்ப்’ என்ற ஆராய்ச்சி நிதி அமைப்பு இயங்குகிறது. மாநில வரி வருவாயில் ஒரு சதவீதம் அதற்குப் போக வேண்டும் என்று 1989இல் அந்த மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் நகரத்தார் வியாபாரத்தில் தர்மத்துக்கென்று மகமை எடுத்து வைத்த மாதிரிதான். லாபம் வந்தபின் யோசிக்கிற பேச்சே இல்லை.

வெளியார் பணம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்திராவிட்டால் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்திருக்காது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். ஆனால் அதற்கப்புறம் சம்பளம், கருவி, ரசாயனம் எல்லாம் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பணத்தில்தான் ஓடுகிறது. வள்ளல் ஆய்வகத்தைத் தொடங்கி வைக்கலாம். வருடா வருடம் நடத்துவதற்குச் சட்டம் போட்ட வருமானம் வேண்டும். 36,000 கோடிக்கு அப்படி எந்தப் பிடிமானமும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் என் கவலை.

தேவகோட்டைப் பெண்:
ஐயா சொல்வது சரி. பணத்தோடு, யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். நான் இருக்கும் ஜெர்மனியில் டி.எஃப்.ஜி. என்ற ஆராய்ச்சி நிதி அமைப்பின் துறைவாரி மதிப்பீட்டுக் குழுக்களை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வாளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊரில் அறக்கட்டளையின் ஆளுகைக் குழுவுக்குப் பிரதமர்தான் தலைவர். மேலே அவர் இருக்கட்டும். விண்ணப்பங்களை எடைபோடும் குழுக்களிலாவது கல்லூரி ஆசிரியர்களுக்கு இடம் வேண்டும்.

காரைக்குடி வேதியியல்:
இருவருக்கும் நன்றி. சாவோ பாவ்லோவும் ஒரு மாநிலம்தான் என்பது எனக்குப் பெரிய தெம்பு. அப்படியானால் டெல்லிக்காகக் காத்திருக்காமல் தமிழ்நாட்டிடமே கேட்கலாம். ஒரு சதவீதம் இல்லாவிட்டாலும் கால் சதவீதமாவது, ஆனால் சட்டமாக. எங்கள் ஆசிரியர் சங்கத்தில் தீர்மானமாக வைக்கப் போகிறேன். ஐயா, வரைவை இங்கே போட்டால் பார்த்துத் திருத்தித் தருவீர்களா?

கோட்டையூர்க்காரர்:
போடுங்கள் தம்பி. ஐந்து சதவீத வரம்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.