கடற்பஞ்சு புது இனமா என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

கேள்வி: கலிஃபோர்னியா கடலில் 3,300 மீட்டருக்குக் கீழே எடுத்த யாழ்க் கடற்பஞ்சின் படம் பார்த்தேன். அச்சு அசல் யாழேதான். உருவத்தை வைத்தே புது இனம் என்று சொல்லிவிடலாமா?

பதில்: உருவத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். நான் செய்வது இது: நகக்கண் அளவு துண்டை பிளீச்சில் போடுவேன். சதை கரைந்து, அடியில் வெள்ளைப் பொடி தங்கும். அத்தனையும் கடற்பஞ்சின் உடலைத் தாங்கும் கண்ணாடி முட்கள். நுண்ணோக்கியில் ஊசி, கொக்கி, நங்கூரம் என்று தெரியும். அவற்றின் வடிவமும் நீளமும்தான் முக்கிய சாட்சி. முதல் தடவை சரியாகக் கழுவாமல், உப்புப் படிகத்தை முள் என்று நினைத்து ஒரு மதியம் முழுக்க அளந்தேன்!

கேட்டவர்: சரி, கொக்கி எதற்கு?

பதில்: இது இரை பிடிக்கிற இனம். இறாலுக்குத் தூரத்து உறவான குட்டி உயிரிகள் கிளையில் இருக்கும் கொக்கிகளில் மாட்டும். அப்புறம் கடற்பஞ்சு மெல்லிய சவ்வைப் போர்த்திச் செரித்துவிடும்.

இன்னொருவர்: 2012இல் இந்த யாழ்க் கடற்பஞ்சுக்குப் பெயர் வைத்தபோது மேலே கொண்டுவந்திருந்தது இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் வீடியோவில் பார்த்ததுதான்.