பழைய காரில் பிரேக் ஆயில் கசிவு: சிலிண்டரை மாற்ற வேண்டுமா?

வணக்கம் நண்பர்களே. என் பழைய காரில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். இரண்டு வாரமாக பிரேக் ஆயில் குறைந்துகொண்டே போகிறது. பெடலை மிதித்துப் பிடித்தால் மெல்லக் கீழே இறங்குகிறது. இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் ஒரே ஈரம். டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் (பிரேக் ஷூக்களை டிரம்மில் உரசும்படி தள்ளும் சின்ன சிலிண்டர்) ரப்பர் உறையை விலக்கினேன், ஆயில் வழிந்தது. சரி, உள்ளே ஆயிலைத் தடுக்கும் ரப்பர் கப் மாற்றினால் போதும் என்று பார்த்தால், உள்சுவரில் துரு அரித்த சின்னச் சின்னக் குழிகள். தேய்த்துச் சுத்தம் செய்து புது கப் போட்டால் கசிவு நிற்குமா, சிலிண்டரையே மாற்றிவிடலாமா?

ஆயில் ஊறிய பிரேக் ஷூவை எப்படியும் தூக்கிப் போடப்போகிறேன். அப்புறம், மாஸ்டர் சிலிண்டரும் (பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது) உள்ளுக்குள் கசிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கார் பெயிண்டில் பிரேக் ஆயில் இரண்டு சொட்டு சிந்தி, பெயிண்ட் உரிந்ததையும் பார்த்தாகிவிட்டது!) பதில் வரும்வரை வண்டியை எடுக்கப்போவதில்லை.