அவசரம்: டிராக்டர்ல டீசல் ஒழுகுது, டேப்பை மூடினாலும் நிக்கல

வெண்ணாற்றங்கரை
டிராக்டர்ல டீசல் ஒழுகுது. டேங்க் அடியில இருக்குற டீசல் டேப்பை மூடினாலும் சொட்டுறது நிக்கல. காலைல ஸ்டார்ட் ஆகவும் மாட்டேங்குது, டீசல் லைன்ல ஏறின காத்தை வெளியேத்தி ஏர் எடுத்தாத்தான் புடிக்குது. மேட்டூர்ல திறந்த தண்ணி வாய்க்காலுக்கு வந்துருச்சு, நாளன்னிக்கு நடவுக்குச் சேறு கலக்கி சேடை ஓட்டணும். மரையில சுத்துற டெஃப்லான் நாடா இருக்கே, அந்த டேப் சுத்தலாமா? சீக்கிரம் சொல்லுங்க.

ஸ்பேனர்17
என்ன வண்டி? எந்த வருஷம்? டேப்புல எந்த இடம்? டேங்க்ல ஏறுற மரையா, திருகுற தண்டா, கீழ டியூப் சேர்ற நட்டா? மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

கொங்கு உழவன்
டேங்க்ல இருந்து டீசலை இழுத்து அனுப்புற ஃபீடு பம்புல டயாப்ரம், அதான் உள்ள இருக்குற சவ்வு, போயிருக்கும்ங்க. வேற யோசிக்காதீங்க, மாத்திருங்க. காலைல புடிக்காத வண்டி முக்காவாசி இதுதானுங்க.

ஸ்பேனர்17
டயாப்ரம் கிழிஞ்சா டேப்புல ஏன்ங்க ஒழுகப்போவுது? அது இன்ஜின் அடியில ஆயில் நிக்கிற சேம்பருக்குள்ள இறங்கி இன்ஜின் ஆயில்ல கலக்கும்.

பழைய இரும்பு
வண்டி பேர் இல்லை, போட்டோ இல்லை. இங்க யாரும் குறி சொல்றவங்க இல்லை தம்பி. டேங்க் இன்ஜினுக்கு மேல இருக்கா, கீழயான்னு கூடக் கேக்காம பதில் போடுறவங்களையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். டெஃப்லான் டேப் தண்ணிக் குழாய்க்கு. டியூப் சேர்ற இடத்துல கசிவை அடைக்கிறது மரை இல்லை, நட்டுக்குள்ள இருக்குற பித்தளை வளையம். அங்க டெஃப்லான் சுத்தினா ஒழுகல் நிக்காது, பிஞ்ச துணுக்குதான் ஃபில்டருக்குப் போகும். இதெல்லாம் அரிச்சுவடி.

வெண்ணாற்றங்கரை
மாஸி 1035. அப்பா காலத்து வண்டி, 80கள்ல வாங்கினது. டேங்க் மேலதான். தண்டுலயும் ஈரம் இருக்கு, கீழ நட்டுலயும் சொட்டுது. டேப்பு போன மாசம்தான் புதுசு போட்டோம், லோக்கல் சாமான்.

ஸ்பேனர்17
டேப்பு மாத்தினதை முதல் வரியிலயே சொல்லக் கூடாதா சாமி!

சரி. முதல்ல துணியால டேப்பைச் சுத்தமா துடைச்சுட்டு, முகத்துக்குப் போடுற பவுடரைத் தூவுங்க. எங்க முதல்ல கருக்குதோ அங்கதான் கசிவு, மத்ததெல்லாம் வழிஞ்சு வர்றது. அப்புறம் டேப்பை மூடிட்டு கீழ டியூபைக் கழட்டுங்க. டேப்பு வாயில டீசல் சொட்டினா உள்ள சீட்டு உக்காரல, அதாவது டேப்பு முழுசா மூடல. வாய் காஞ்சு கிடந்து வெளியில மட்டும் ஈரம்னா தண்டோ, டேங்க் மரையோதான்.

காலைல ஏர் ஏறுறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டு. நட்டுல கசிஞ்சா ராத்திரி முழுக்க டியூப்ல நின்ன டீசல் இறங்கிப்போயி, அந்த இடத்துக்குக் காத்து வந்துரும். வேலை செய்யும்போது இழுவை குறையுதா? குறைஞ்சா டேங்குக்குள்ள டேப்பு மேல இருக்குற வலை அடைச்சிருக்கு. மேல டீசல் வராதப்போ ஃபீடு பம்பு தண்டு வழியா காத்தை உறிஞ்சும்.

வன்னி வயல்
எங்கட மாஸி 35இலயும் உந்தப் பிரச்சினை வந்தது. தண்டைச் சுத்தி கோர்க் பக்கிங் ஒண்டு இருக்கும், காய்ஞ்சால் சுருங்கும். அதுக்கு மேல இருக்கிற நட்டைக் கால் சுத்து இறுக்கிப் பாருங்கோ. நிக்காட்டிப் புதுக் கோர்க்கை ஒரு ராத்திரி எண்ணெயில ஊறப்போட்டுப் போடுங்கோ. பலமா இறுக்காதேங்கோ, பித்தளை மரை உரிஞ்சு போயிடும்.

கொங்கு உழவன்
தினமும் மூடி மூடித் திறந்தா கோர்க் தேயத்தானுங்க செய்யும். எங்கூர்ல டேப்பை யாரும் மூடறதே இல்லீங்க. அவசரத்துக்கு ஒழுகற இடத்துல பார் சோப்பை அழுத்தி அப்பிருங்க, ரெண்டு நாள் தாங்கும்.

பழைய இரும்பு
மூடாததாலதான் ஃபில்டர் மாத்துற அன்னிக்கு டேப்பு திரும்பாம, பிளேயர் போட்டு முறுக்கி உடைக்கிறீங்க. சோப்பு டேங்க்ல ஓட்டை விழுந்தா வயல்ல இருந்து வீடு வந்து சேர. அசையுற தண்டுல என்ன நிக்கும்?

கொங்கு உழவன்
இன்ஜெக்டருக்கு டீசல் அனுப்புற பம்பு ரோட்டரி ரகமா இருக்குற வண்டின்னாலே இந்தத் தலைவலிதானுங்க. நம்முளுது இன்லைன்ங்கிற வேற ரக பம்பு, தொட்டதில்லீங்க.

பழைய இரும்பு
ரோட்டரி பம்புக்கு உள்ள ஓடுற டீசல்தான் எண்ணெய். தண்ணி கலந்த டீசலை ஊத்திட்டு பம்பைத் திட்டினா எப்படி? ஃபில்டரைச் சொன்ன நேரத்துக்கு மாத்துறவன் வண்டியில அது வருஷக்கணக்கா ஓடும்.

கொங்கு உழவன்
மாத்தறமுங்க. யாருங்க மாத்தலைன்னது?

ஸ்பேனர்17
பம்புச் சண்டைக்குத் தனி இழை போட்டுக்கோங்க ரெண்டு பேரும்.

வெண்ணாறு, மாட்டினப்புறம் ஏர் எடுக்கிற வரிசை: முதல்ல ஃபில்டர் மேல இருக்குற ஸ்க்ரூ, அப்புறம் ரோட்டரி பம்பு ஸ்க்ரூ, கடைசியா செல்ஃப் அடிச்சுக்கிட்டே இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்துங்க. ஃபீடு பம்பு லீவர் தொளதொளன்னு இருந்தா பம்பு போச்சுன்னு நினைக்காதீங்க, அதைத் தள்ளுற இன்ஜின் கேம் தூக்கி நிக்குது. இன்ஜினைக் கொஞ்சம் சுத்திவிட்டு லீவரை அடிங்க. ஃபில்டர்ல கழட்டின காப்பர் வாசரைப் பழையபடி போடாம, செவக்கக் காய்ச்சித் தண்ணியில முக்கிப் போடுங்க, மெத்துன்னு உக்காரும். காய்ச்சறதை வண்டிகிட்ட வெச்சுக்காதீங்க.

வெண்ணாற்றங்கரை
மூடின டேப்பு வாயிலயே சொட்டுச்சு. பழைய டேப்பு கொட்டாயில கெடந்துச்சு, அதுக்கே கோர்க் போட்டு மாட்டியாச்சு. வலையெல்லாம் துரு. இப்ப நின்னுருச்சு, வண்டி வயலுக்குப் போயாச்சு. எல்லாருக்கும் நன்றி.

பழைய இரும்பு
லோக்கல் சாமான்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும்.

ஸ்பேனர்17
துரு வந்திருக்குன்னா டேங்க்ல தண்ணி நிக்குது. வேலை முடிஞ்சதும் சாயங்காலமே டேங்கை நிரப்பி வையுங்க, காலி இடம் இருந்தாத்தான் உள்ள வேர்க்கும். தண்ணி அடியில தங்கும், அதனால ஒரு நாள் காலைல வண்டியை அசைக்கிறதுக்கு முன்னாடி டேப்பு வழியா கொஞ்சம் பாட்டில்ல புடிச்சுப் பாருங்க. ஆமா, அந்த வலை கிழிஞ்சிருந்துச்சா, முழுசா இருந்துச்சா?

கொங்கு உழவன்
டயாப்ரம் பாத்தீங்களா?