டிக்கியில் இருந்தது, கைக்கு வரவில்லை

கும்பகோணத்து மருமகன்:

போன மே மாதம் மாமனார் வீட்டிலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். டிக்கியில் அரிசி மூட்டை, அரைச் சாக்கு தேங்காய், வடுமாங்காய் ஜாடி, போதாக்குறைக்குப் பண்ருட்டியில் வாங்கிய முழுப் பலாப்பழம். விக்கிரவாண்டியைத் தாண்டித் திண்டிவனம் போவதற்குள், இரவு பத்தே முக்கால் இருக்கும், பின்பக்க இடது டயர் போய்விட்டது. வண்டியை மண் ஓரத்தில் இறக்கி நிறுத்தினேன்.

எனக்குப் பதற்றமே இல்லை. ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, எச்சரிக்கை முக்கோணம்கூட இருக்கிறது. ஆனால் அத்தனையும் டிக்கியின் தரைவிரிப்புக்கு அடியில் இருந்தன. அதற்கு மேல் என் மாமியாரின் பாசம் முழுவதும் இருந்தது. ஒவ்வொன்றாக இறக்கிச் சாலையோரம் வைத்தோம். பலாப்பழம் உருண்டு பள்ளத்தில் விழுந்தது. அதைப் பிடிக்கப் பையன் ஓடினான், பையனைப் பிடிக்க என் மனைவி ஓடினாள். கையில் இருந்த ஒரே வெளிச்சமான அவளுடைய கைப்பேசியும் அவளோடு போய்விட்டது.

முக்கோணத்தின் பிளாஸ்டிக் உறையை வண்டி வாங்கிய நாளிலிருந்து நான் பிரித்ததில்லை. அதன் கால்களை எப்படி விரிப்பது என்று இருட்டில் பிடிபடவே இல்லை. ஜாக்கியைப் போட்டால் மண்ணில் இறங்கியது. சக்கர நட்டுகளை டயர் கடையில் காற்றுத் துப்பாக்கி வைத்து இறுக்கியிருக்கிறார்கள். வண்டியோடு வந்த சின்ன ஸ்பானரில் ஏறி நின்று குதித்தும் அசையவில்லை.

எங்களைத் தாண்டிப்போன லாரி ஒன்று ஐம்பதடி தள்ளி நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. முதலில் ஓரத்துக் கருவேலத்தில் ஒரு கிளையை ஒடித்து, பின்னால் நூறடி நடந்து, சாலையோரத்தில் போட்டுவிட்டு வந்தார். லாரிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையை ஜாக்கிக்கு அடியில் வைத்தார். ஸ்பானரின் பிடியில் இரண்டடி இரும்புக் குழாயைச் செருகி ஒரு மிதி மிதித்தார். கிறீச்சென்று நட்டு இளகியது. வண்டியைத் தூக்குவதற்கு முன்பே எல்லா நட்டுகளையும் இளக்கிவிட வேண்டும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்து ஸ்டெப்னியை மாட்டி வண்டியை இறக்கினால், அது அப்பளம்போல் அமுங்கியது. ஐந்து வருடமாக யாரும் அதில் காற்றுப் பிடிக்கவில்லை. லாரியின் காற்றுத் தொட்டியிலிருந்து குழாய் இழுத்து அவர்தான் நிரப்பினார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. "காற்று அடிக்கும் பையனிடம் ஐந்து சக்கரம் என்று சொல்லுங்கள் சார், நான்கு என்று சொல்லாதீர்கள்" என்றார். பலாப்பழத்தை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

உங்கள் வண்டிகளில் என்ன இருக்கிறது, அது என்றைக்காவது உதவியதா? எழுதுங்கள்.

வாடகை வண்டிக்காரன்:

22 வருடமாக ஓட்டுகிறேன். எதை வைக்கலாம் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். எதை வைக்கக்கூடாது என்று நான் சொல்கிறேன்.

தண்ணீர் பாட்டிலை ஓட்டுநர் காலடிப் பக்கம் வரவிடாதீர்கள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். முன்சீட்டில் இருந்தவர் குடித்துவிட்டு பாட்டிலைப் பக்கத்தில் வைத்தார். வளைவில் அது உருண்டு என் பக்கம் வந்து பிரேக்குக்கு அடியில் புகுந்துகொண்டது. பிரேக்கை மிதிக்கிறேன், பாதிக்கு மேல் இறங்கவில்லை. இரண்டாவது கியரில் இருந்ததால் பிழைத்தோம். கைப்பிரேக்கை மெல்ல இழுத்து மலைப் பக்கமாக அணைத்து நிறுத்தினேன். பின்சீட்டில் இருந்தவர்கள் காட்சி பார்க்க நிறுத்தியதாக நினைத்து இறங்கிப் படம் எடுத்தார்கள். செருப்பும் அப்படித்தான். கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறவர்கள் அதைப் பின்னால் போடுங்கள்.

என் வண்டியில் இருப்பவை கொஞ்சம்தான். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன மோட்டார், சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது. ட்யூப்லெஸ் டயருக்கான பஞ்சர் பெட்டி. இரண்டு துண்டு, தலையில் மாட்டும் விளக்கு ஒன்று. கையில் பிடிக்கும் டார்ச் தனி ஆளுக்கு உதவாது, ஸ்பானரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். டயரில் ஆணியைப் பார்த்ததும் பிடுங்காதீர்கள். காற்று நிற்கிறது என்றால் ஆணியே அடைப்பாக இருக்கிறது. கொஞ்சம் காற்று ஏற்றிக்கொண்டு நேராகப் பஞ்சர் கடைக்குப் போங்கள். பிடுங்குவதானால், பஞ்சர் பெட்டியில் இருக்கும், ஓட்டையில் செருகி அடைக்கும் ரப்பர் திரியில் பசை தடவிக் கையில் தயாராக வைத்துக்கொண்டு பிடுங்குங்கள்.

துண்டைப் பற்றி ஒன்று. சூடான ரேடியேட்டர் மூடியைத் துண்டு போட்டுத் திறக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆறும்வரை திறக்கவே கூடாது. முழங்கையில் எனக்கு இன்னும் தழும்பு இருக்கிறது.

ஈரோட்டு ஆசிரியை:

ஜாக்கி, ஸ்பானர் எல்லாம் என் கணவர் பொறுப்பு. என் பொறுப்பு வாந்தி.

கொல்லிமலைக்குக் காரவள்ளி வழியாக ஏறினால் 70 வளைவுகள். என் இளைய மகள் 11-ஆவது வளைவில் ஆரம்பித்தாள். கவர் வைத்திருந்தேன், தயாராகத்தான் வந்தேன். அந்தக் கவரின் அடியில் ஓட்டை. அடுத்த 59 வளைவுகளை எப்படிக் கடந்தோம் என்று இங்கே விவரிக்கப்போவதில்லை.

அதிலிருந்து கவரே கிடையாது. ஐஸ்கிரீம் வாங்கிய ஒரு லிட்டர் டப்பா, மூடியோடு, முன்சீட்டின் பின்பைக்குள் இரண்டு இருக்கும். மூடிவிட்டால் வாடை வராது, கொட்டாது, கழுவி மறுபடி வைக்கலாம். கூடவே இஞ்சி மரப்பா, ஈரத்துணி, மாற்றுச் சட்டை ஒன்று. சட்டை பெட்டிக்குள் இருந்தால் இல்லாததற்குச் சமம். மலைப்பாதையில் டிக்கியைத் திறக்க எங்கே நிறுத்துவது?

ஊட்டி போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எங்களிடம் ஆறு பாட்டில் போனது. இப்போது வீட்டிலிருந்தே எவர்சில்வர் கூஜா. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு கேட்கிறார்கள். அதைக் கீழேயே எடுத்து, கைப்பேசியில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் சிக்னலை நம்பி நின்றால் பின்னால் இருப்பவர்களின் ஹாரன்தான் கேட்கும்.

பழைய அம்பாசடர்:

எனக்கு 71 வயது. முதல் வண்டி அம்பாசடர். பேட்டரி படுத்துவிட்டால் முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றிக் கிளப்புவோம். கட்டைவிரலைப் பிடிக்கு மேல் சுற்றி வைக்கக்கூடாது. எஞ்சின் உதைத்தால் விரல் போய்விடும்.

ஸ்டெப்னி என்று நாம் சொல்கிறோமே, அது ஒரு தெருவின் பெயர். வேல்ஸில் லனெல்லி என்ற ஊர், அங்கே ஸ்டெப்னி தெரு. 1904-இல் மாற்றுச் சக்கரம் விற்ற கம்பெனி அந்தத் தெருவின் பெயரை வைத்துக்கொண்டது. அவர்கள் மறந்துவிட்டார்கள், நாம் இன்னும் விடவில்லை.

ஆனால் சக்கரமே இப்போது போகிறது. மகன் வாங்கிய புது வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. ட்யூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் பெட்டியும் இருந்தால் போதும் என்று 2020-இலேயே விதியைத் திருத்திவிட்டார்கள். பெட்டி ஆணி குத்தினால் சரி. போன மாதம் நடைபாதைக் கல்லின் விளிம்பில் உரசி டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தது. அதை எந்தத் திரியும் அடைக்காது. மீட்பு வண்டி வரும்வரை மூன்று மணி நேரம் ஒரு புளியமரத்தடியில் அப்பனும் மகனுமாக உட்கார்ந்திருந்தோம். அவன் என்னோடு அவ்வளவு நேரம் பேசிப் பல வருடம் ஆகிறது, அது வேறு கதை. ஊருக்குப் போனதும் ஒரு முழுச் சக்கரத்தை வாங்கிப் போட்டுவிட்டான்.

இன்னொன்று, ஜம்பர் கம்பி. ரயில் நிலையத்தில் வண்டியை விட்டுவிட்டு நான்கு நாள் கழித்து வந்தால் உள்விளக்கு எரிந்து எரிந்து பேட்டரி செத்துக் கிடந்தது. ஆட்டோமேட்டிக் வண்டி, தள்ளியும் கிளப்ப முடியாது. பக்கத்து வண்டிக்காரர் உதவ வந்தார், ஆனால் எங்கள் இருவருக்கும் வரிசை தெரியவில்லை. சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பிளஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸில், பிறகு கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனையைச் செத்த வண்டியின் எஞ்சினில் வண்ணம் பூசாத இரும்பில். கழற்றும்போது அப்படியே தலைகீழ். இதை ஒரு காகிதத்தில் எழுதிக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறேன்.

வேளச்சேரிவாசி:

எங்கள் பகுதியில் மழை எச்சரிக்கை வந்தால் கார்கள் மேம்பாலத்தில் வரிசையாக ஏறி நிற்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் என்னுடையதும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தாமதமாகக் கிளம்பினேன். தெருமுனையில் தண்ணீர் கதவின் பாதிக்கு வந்து வண்டி நின்றது. செய்யக்கூடாததைச் செய்தேன். சாவியை மறுபடி திருகினேன். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது, அதனால் உள்ளே இருக்கும் கம்பிதான் வளையும். வளைந்தது. இன்ஷூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு தனியாக எடுக்கவில்லை என்றார்கள். தொகையைச் சொன்னால் உங்களுக்கு வயிறு எரியும்.

அன்று மின்கண்ணாடி இறங்கவில்லை, கதவைத் தோளால் தள்ளித் திறந்தேன். இன்னும் ஒரு அடி ஏறியிருந்தால் திறந்திருக்காது. கண்ணாடி உடைக்கும் சுத்தியல் என்னிடம் இருந்தது. எங்கே? டேஷ்போர்டு பெட்டிக்குள், சர்வீஸ் புத்தகத்துக்கும் பழைய ரசீதுகளுக்கும் அடியில். இப்போது ஓட்டுநர் கதவுப் பையில் வைத்திருக்கிறேன். சீட் பெல்ட் அறுக்கும் கத்தியும் அதன் பிடியிலேயே உண்டு. முன்கண்ணாடியில் அடித்துப் பயனில்லை, அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்து ஒட்டியது. பக்கக் கண்ணாடியின் மூலையில்தான் அடிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர்:

வண்டியோடு கொடுக்கும் முதலுதவிப் பெட்டியை இன்றைக்கே திறந்து பாருங்கள். பாளையங்கோட்டை அருகே இரு சக்கர வண்டியில் விழுந்து கிடந்த ஒரு பையனுக்காக எங்கள் மருமகன் காரில் இருந்ததைத் திறந்தேன். பஞ்சு மஞ்சளாகியிருந்தது, பிளாஸ்டர் ஒட்டவில்லை, மருந்துப் புட்டி காய்ந்து கிடந்தது. காரின் சூட்டில் எதுவும் தங்காது. கடைசியில் என் துப்பட்டாவை மடித்துக் காயத்தில் அழுத்திப் பிடித்தேன். 108 வர ஏறக்குறைய கால் மணி நேரம் ஆனது.

கையுறை, அகலமான காட்டன் துணி, கத்தரிக்கோல், இவை போதும். சூட்டில் கெடாது. மாத்திரைகளைக் காரில் விட்டுவைக்காதீர்கள், கைப்பையில் வையுங்கள். மருமகன் "போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டி வரும் அத்தை, கிளம்பலாம்" என்றார். உதவுகிறவர் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவு சேர்த்துவிட்டார்கள், பலருக்குத் தெரியவில்லை. அவர் நல்ல பிள்ளைதான், பயந்துவிட்டார்.

ஸ்காபுறோவிலிருந்து:

இங்கே எங்களுக்கு வேறு பிரச்சினை. கனடா வந்த முதல் மாரிகாலம், காலை ஐந்தரை, வேலைக்குப் போக வேண்டும். இரவு பெய்த உறைமழையில் கார் முழுவதும் கண்ணாடிபோல் பனிக்கட்டி. சுரண்டும் மட்டையை அண்ணா சொன்னபடி வாங்கி வைத்திருந்தேன், காருக்குள். நான்கு கதவும் உறைந்து ஒட்டிப்போய் ஒன்றும் திறக்கவில்லை. கடைசியில் பல்பொருள் அங்காடியின் புள்ளி அட்டையால் கதவு விளிம்பைச் சுரண்டினேன். அட்டை உடைந்தது, கதவு திறக்கவில்லை, பஸ்ஸில் போனேன். இப்போது மட்டை வீட்டு வாசலில், சப்பாத்துகளுக்குப் பக்கத்தில். காருக்குள் கம்பளியும் மண்வெட்டியும் மட்டும்.

கும்பகோணத்து மருமகன்:

எல்லாவற்றையும் படித்துவிட்டு நேற்று மாலை கீழே இறங்கினேன். ஸ்டெப்னியைச் சோதித்தேன், 33 இருக்க வேண்டிய இடத்தில் 30. பரவாயில்லை. முக்கோணத்தை இரண்டு முறை விரித்து மடக்கிப் பார்த்து முன்சீட்டுக்கு அடியில் மாற்றினேன். மகன் கடிகாரம் பார்த்தான், 20 விநாடி. கட்டையும் குழாயும் வாங்கி ஒரு சாக்கில் சுற்றி வைத்தாயிற்று.

ஜாக்கியைத்தான் காணவில்லை. அரை மணி நேரம் தேடினேன். மனைவி மாடியிலிருந்து எட்டிப்பார்த்து, "தீபாவளிக்கு எதிர்வீட்டு அண்ணன் வாங்கிக்கொண்டு போனாரே, கேட்டீர்களா?" என்றாள். அவர் ஊரில் இல்லை. அவருடைய காரும் இல்லை.